புல் வெட்டும் இயந்திரம் வந்த கதை



புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கோ-4 தீவனப்புல்லையோ, வயலில் கிடந்து நம் உயிரை வாங்கும் கோரையையோதான் நினைப்பீர்கள். நமக்குத் தெரிந்த புல் இரண்டே வகை. மாடு தின்றால் தீவனம், தின்னாவிட்டால் களை. மாட்டுக்கும் போடாமல், வீட்டு வாசலில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று புல்லை வளர்த்து, தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு, வளர வளர வெட்டி எறிகிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள். "வேலையற்ற வேலை" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. ஆனால் அந்த வேலைக்காகப் பிறந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு நம் வரப்பிலும் தென்னந்தோப்பிலும் 'உர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அது பிறந்த கதையில் கூலிக்காரர்களின் வயிற்றுப்பாடும் கலந்திருக்கிறது. அதனால்தான் சொல்ல வந்தேன்.

இங்கிலாந்து மழையும் குளிரும் உள்ள நாடு. விதைக்காமலே புல் முளைக்கும். 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பெரிய பண்ணையார்கள் மாளிகையைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல்வெளி வைப்பதைக் கௌரவமாக நினைத்தார்கள். 'இத்தனை நிலத்தை உழாமல் போட்டாலும் என் வீட்டில் அடுப்பெரியும்' என்று ஊருக்குக் காட்டுகிற பெருமைதான், வேறென்ன? தூரத்துப் புல்லை ஆடுகள் மேய்ந்து மட்டம் செய்யும். ஆடு வாசல்வரை வந்துவிடக் கூடாது. வேலி போட்டால் பார்வைக்கு அழகில்லை. ஆகவே ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சரிவுமாக ஒரு பள்ளம் வெட்டி வைத்தார்கள். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது, ஆடு மட்டும் தாண்டாது. நம் காட்டில் பயிரைக் காக்க அகழி வெட்டுகிற அதே யோசனைதான்.

வாசல் பக்கத்துப் புல்லை ஆட்கள் வெட்டினார்கள். நம்மைப்போல் குனிந்து அரிவாளால் அல்ல. ஆள் உயரக் காம்பில் இரண்டரை, மூன்றடி நீளக் கத்தியைப் பூட்டி, நிமிர்ந்து நின்றுகொண்டு, அரை வட்டமாக வீசி வெட்டுவார்கள். புல் காய்ந்திருந்தால் கத்திக்குப் பிடிகொடுக்காமல் சாய்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் பனி ஈரத்தோடு வெட்ட வேண்டும். நாலைந்து பேர் வரிசையாக வெட்டிப் போக, பின்னால் இன்னும் சிலர் விளக்குமாற்றோடு வெட்டிய புல்லைக் கூட்டி அள்ள வேண்டும். கை தேர்ந்தவன் வெட்டினால் தாடி மழித்த மாதிரி இருக்கும். புதியவன் வெட்டினால் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை இந்தப் பாடு.

இனி வேறொரு ஊருக்குப் போவோம். இங்கிலாந்தின் மேற்கே குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர். ஆற்றோரமெல்லாம் கம்பளித் துணி ஆலைகள். கம்பளித் துணி நெய்து முடிந்ததும் அதன் மேல் பஞ்சு மாதிரி மயிர் எழுப்பி, அதை ஒரே மட்டமாகக் கத்தரிக்க வேண்டும். அப்போதுதான் துணி வழவழப்பாக இருக்கும். இதற்கென்று தனித் தொழிலாளர் கூட்டமே உண்டு. அவர்கள் கையில் பிடித்த கத்தரிக்கோல் நாலடி நீளம், 40 ராத்தலுக்கு மேல் எடை. மணிக்கட்டு காய்த்துப்போன ஆளைப் பார்த்தாலே இன்ன தொழில்காரன் என்று சொல்லிவிடலாமாம். கூலியும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உயர்வு.

இந்த வேலையைச் செய்ய இயந்திரம் வந்தது. பக்கத்து வில்ட்ஷயர் மாவட்டத்தில் 1802-லேயே கலவரம் வெடித்தது. 1812-ல் யார்க்ஷயரில் இரவோடு இரவாக ஆலைக்குள் புகுந்து கத்தரிக்கும் இயந்திரங்களைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். அந்தச் சம்மட்டியைச் செய்து கொடுத்த கொல்லுப்பட்டறைதான் அந்த இயந்திரத்தையும் செய்து விற்றது. வேடிக்கை அல்ல, நடந்தது. இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று 1812-ல் சட்டமே போட்டார்கள். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இயந்திரம் நின்றுவிடவில்லை. பின்னால் இன்னும் நல்லதாகவே வந்தது. ஓர் உருளையில் முறுக்காகக் கத்திகளைச் சுற்றி வைத்து, கீழே அசையாத ஒரு தகடு. உருளை சுழலும்போது கத்தியும் தகடும் உரசுகிற இடத்தில் மயிர் கத்தரிபடும். நம் மாட்டுக் கொட்டகையில் தட்டை நறுக்கும் கருவி இருக்கிறதல்லவா, சக்கரத்தில் பூட்டிய கத்தி கீழ்த் தகட்டை உரசிக்கொண்டு போகுமே, அதே கத்தரிக்கோல் சூத்திரம்தான்.

ஸ்ட்ரவுட் பக்கத்தில் எட்வின் பியர்ட் பட்டிங் என்று ஓர் இயந்திரக்காரர். 1796-ல் பிறந்தவர். ஆலைகளில் இயந்திரம் பழுது பார்ப்பதும் புதிதாகச் செய்து கொடுப்பதும் அவர் தொழில். பிரிம்ஸ்கோம்ப் ஆலையில் துணி கத்தரிக்கும் உருளை சுழல்வதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்கிறார்கள். துணியின் மயிரை மட்டம் செய்கிற உருளை தரையின் மயிரை மட்டம் செய்யாதா? இரண்டும் நெருக்கமாக நிற்பதுதானே! இங்கே துணி நகர்ந்து இயந்திரத்துக்குள் வருகிறது. அங்கே இயந்திரம் நகர்ந்து புல்லின் மேல் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்தும் காட்டினார். தேனிரும்புச் சட்டம். 19 அங்குல அகலம். பின்னால் ஒரு கனமான உருளை தரையில் உருளும். அது ஒரு சுற்று சுற்றினால் பல்சக்கரங்கள் வழியாகக் கத்தி உருளை 16 சுற்று சுற்றும். ஆள் பின்னாலிருந்து தள்ளவேண்டும், வெட்டிய புல் முன்னால் உள்ள தட்டில் போய் விழும். எந்த உயரத்தில் வெட்ட வேண்டும் என்று கூட்டிக் குறைக்கவும் வசதி வைத்தார். தள்ளுவது பெரும்பாடாக இருக்கவே, முன்னால் இன்னொருவர் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடியும் பிறகு சேர்ந்தது. யாராவது பார்த்து யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று இராத்திரியில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதையும் அந்த ஊரில் உண்டு.

பட்டிங்கிடம் பணமில்லை. திரப் என்ற பக்கத்து ஊரில் ஃபீனிக்ஸ் வார்ப்பட்டறை வைத்திருந்த ஜான் ஃபெராபி பணம் போட்டார். 1830 மே மாதம் இரண்டு பேரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். யோசனை ஒருவருடையது, முதல் மற்றவருடையது, இலாபத்தில் பங்கு. செய்து விற்கவும், செய்யும் உரிமையைப் பிறருக்குக் கொடுக்கவும் ஃபெராபிக்கு அதிகாரம். 1830 ஆகஸ்ட் 31-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச் சாலைத் தோட்டத்தில் ஒரு இயந்திரம் வேலை செய்தது. ஆறு முதல் எட்டு ஆட்கள் கத்தியும் விளக்குமாறுமாகச் செய்த வேலையை அது முடிக்கிறது என்று அங்கிருந்த மேஸ்திரி சான்று கொடுத்தார். 1832-ல் இப்ஸ்விச் ஊர் ரான்சம் கம்பெனி உரிமை வாங்கியது. இந்த ரான்சம் யார் தெரியுமா? கலப்பைக்காரர்கள். ஒரு பக்கம் கெட்டியும் மறுபக்கம் மெதுவுமாக வார்த்து, உழ உழத் தானே கூராகிக்கொள்ளும் கொழுவை 1803-ல் கொண்டுவந்த பட்டறை அது.

இப்போது அந்தத் தேதியைத் திரும்பப் பாருங்கள். 1830 ஆகஸ்ட் 31.

அதற்கு மூன்றே நாள் முன்னால், ஆகஸ்ட் 28-ந் தேதி இரவில், இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில் கென்ட் மாவட்டத்தில் லோயர் ஹார்ட்ரஸ் என்ற சிற்றூரில் விவசாயக் கூலிகள் கூடிப் போய் ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்துப் போட்டார்கள். அந்தத் தீ அந்த ஊரோடு நிற்கவில்லை. குளிர்காலத்துக்குள் தெற்கு இங்கிலாந்து முழுவதும் பரவியது. இயந்திரத்தை நிறுத்தாவிட்டால் வைக்கோல்போர் எரியும் என்று பண்ணையார்களுக்குக் கடிதம் வரும். கீழே 'கேப்டன் ஸ்விங்' என்று கையெழுத்து. அப்படி ஒரு ஆள் கிடையாது. ஊருக்கு ஊர் எழுதியவர் வேறு, பெயர் மட்டும் ஒன்று.

ஏன் கதிரடிக்கும் இயந்திரத்தின் மேல் இத்தனை ஆத்திரம்? நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். அங்கே அறுவடை முடிந்ததும் கதிரைக் களஞ்சியத்தில் அடைத்துவிடுவார்கள். பிறகு பனி கொட்டுகிற மாதங்களில், வேறு வேலையே இல்லாத காலத்தில், தோல் வாரால் பூட்டிய இரட்டைத் தடியை வீசிக் கதிரடிப்பார்கள். அந்தக் கூலிதான் குளிர்காலத்தில் குடும்பத்துக்கு ரொட்டி. ஸ்காட்லாந்தில் 1786-ல் ஆண்ட்ரூ மெய்க்கிள் செய்த கதிரடிக்கும் இயந்திரம் பரவியதும் அந்த வேலை போயிற்று. தொழில் போனால் பரவாயில்லை, வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல முடியாத மாதத்தில் போயிற்று. சில பண்ணையார்களே, 'இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது' என்று தாங்களாகவே இயந்திரத்தைக் கழற்றி வைத்தார்கள். ஆனால் அரசாங்கம் அப்படி நினைக்கவில்லை. சுமார் 2,000 பேர் மேல் வழக்கு. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். சுமார் 480 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாப் பக்கம் நாடு கடத்தினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைத் திரும்பப் பார்க்காமலே போனவர்கள் அதில் எத்தனையோ பேர்.

ஒரே வாரத்தில் இரண்டு இயந்திரம். ஒன்றை ஊரே திரண்டு உடைக்கிறது. இன்னொன்று எட்டு ஆள் வேலையைத் தின்கிறது, ஆனால் அதை உடைக்க ஒரு கூட்டம் கிளம்பியதாக நான் படித்ததில்லை. இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். புல்வெளிக்காரர்கள் பெரிய மனிதர் வீட்டு மதிலுக்குள் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். கோடையில் வைக்கோல்புல் அறுக்க வெளியே வேறு வேலையும் கிடைத்தது. போனது ஒரு வேலை, போகாதது பிழைப்பு. கதிரடிப்பவனுக்கோ இரண்டும் சேர்ந்து போயிற்று. எனக்குத் தோன்றுகிற காரணம் இது. தஞ்சைப் பக்கம் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியபோது களத்து மேட்டில் நின்று பார்த்த பெண்களின் முகம் நினைவிருக்கிறவர்களுக்கு இது புரியும். அறுப்புக் கூலியாக வீட்டுக்கு வந்த நெல்தானே அவர்கள் குதிருக்கு நெல்!

சரி, பட்டிங் கதைக்கு வருவோம். அவர் 1846-ல் காலமானார். திருகு வைத்து வாயை அகட்டிக் குறுக்கும் ஸ்பேனர் ஒன்றையும் செய்தவர் அவர். மனிதர் போனாலும் இயந்திரம் வளர்ந்தது. 1840-களில் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊரில் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் என்பவர் மட்டக்குதிரை இழுக்கிற பெரிய இயந்திரம் செய்தார். குளம்பு பதிந்து புல் கெட்டுப் போகாமலிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். சேற்று உழவில் நம் காளைக்கு யாராவது செருப்பு மாட்டினால் எப்படி இருக்கும்! 1893-ல் ஜேம்ஸ் சம்னர் நீராவியில் ஓட்டினார். எடை தாங்காமல் அது நிலைக்கவில்லை. 1902-ல் அதே ரான்சம் கம்பெனி பெட்ரோல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் 1899-ல் ஜான் ஆல்பர்ட் பர் என்ற கறுப்பின மனிதர், வெட்டிய புல் சக்கரத்தில் சிக்காதபடியும் சுவரோரம் நெருக்கி வெட்டும்படியும் திருத்தம் செய்து காப்புரிமை வாங்கினார். அங்கே நடந்த இன்னொரு சங்கதி. முதல் உலகப்போர்க் காலம், 1918. வெட்டுகிற ஆட்களின் செலவை மிச்சப்படுத்த வேண்டும் என்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் தம் வெள்ளை மாளிகைப் புல்லில் ஆடு விட்டு மேய்த்தார். மந்தை பெருகி 48 ஆடு ஆயிற்று. கம்பளி மயிரை ஏலம் விட்டு 50,000 டாலருக்கு மேல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். எந்த இயந்திரம் இப்படிச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது?

பட்டிங் செய்தது கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். அதற்குப் பின் வந்தது வேறு சாதி. மின்விசிறி மாதிரி ஒரு பட்டைக் கத்தி தரைக்கு இணையாக அதிவேகமாகச் சுழன்று, புல்லை அடித்தே துண்டிக்கும். கீழ்த் தகடு கிடையாது. 1952-ல் சிட்னி நகரில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தம் வீட்டுக் கொட்டகையில் இப்படி ஒன்று செய்தார். பெட்ரோல் தொட்டிக்குப் பதில் பீச் பழம் வந்த தகர டப்பாவை மாட்டினார். அதுதான் 'விக்டா' என்ற பெயரில் ஆஸ்திரேலியா முழுவதும் வீடு வீடாகப் போயிற்று. 1971-ல் டெக்சாஸ் மாநில ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் கார் கழுவும் இடத்தில் தூரிகைகள் சுழல்வதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டு, மீன் பிடிக்கும் நரம்பைக் கோத்துச் சுழற்றினார். மரத்தைச் சுற்றி முளைத்த புல் வெட்டுப்பட்டது. நம் கடைகளில் தொங்கும் நைலான் நரம்புக் கருவிக்கு அதுதான் பாட்டன்.

அடித்து வெட்டும் கத்தியில் ஒரு பெரிய ஆபத்து. அதன் நுனி பல இயந்திரங்களில் நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் போகும். கல்லில் பட்டால் கல் தோட்டா ஆகிவிடும். அமெரிக்காவில் கை விரலும் கால் விரலும் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஆனபின், 1982-ல் ஒரு விதி அமலுக்கு வந்தது. தள்ளிக்கொண்டு நடக்கும் இயந்திரத்தில் கைப்பிடியை விட்டதும் 3 நொடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும். அதாவது, மக்கள் விரலை இழந்த பிறகு எழுதின விதி அது.

என் அனுபவம் ஒன்று. சில வருஷத்துக்கு முன் தோப்பு வரப்புக்கு என்று தோளில் மாட்டும் புல்வெட்டி ஒன்று வாங்கினேன். விலை மலிவு. கத்திக்கு மேல் வரவேண்டிய மறைப்புத் தகடு இல்லை. "அதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல்ங்க, எல்லாரும் கழற்றித்தான் ஓட்டுறாங்க" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் ஒரு சல்லிக்கல் தெறித்து, பத்தடி தள்ளி நின்ற என் மைத்துனர் முழங்காலுக்குக் கீழே மூன்று தையல். "மாப்பிள்ளை, உங்க புல்லு வெட்டாம இருந்தா என்ன?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இயந்திரத்தோடு வந்த தாளில், 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று போட்டிருந்ததைப் பிறகுதான் படித்தேன்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்குமுன் மறைப்புத் தகடு இருக்கிறதா, பட்டனை விட்டால் எஞ்சின் அடங்குகிறதா, உதிரிச் சாமான் உங்கள் டவுனில் கிடைக்குமா என்று பாருங்கள். கல்லும் கட்டியுமான வரப்புக்கு இரும்புக் கத்தியைவிட நைலான் நரம்பு நல்லது. ஆனால் இளங்கன்றுகளின் தூரில் நரம்பை விடாதீர்கள். சுற்றிலும் பட்டை உரிந்து மாங்கன்று பட்டுப்போகும். இருமுனை எஞ்சினானால் பெட்ரோலோடு எண்ணெய் கலக்கும் அளவைக் கண்ணால் மதிக்காமல் அளந்து ஊற்றுங்கள். கண்ணில் கண்ணாடி, காலில் கெட்டிச் செருப்பு. செருப்பு என்றதும் அந்தக் குதிரை ஞாபகம் வருகிறது.

புல் வெட்ட வெட்ட ஏன் வளர்கிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மற்றச் செடிக்குக் குருத்து நுனியில். புல்லுக்கு வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி. ஆடு மேய்ந்தாலும் கத்தி வெட்டினாலும் அது தப்பிவிடும். அதற்காக ஒட்ட வழிக்கவும் கூடாது. ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேர் சுருங்கும் என்று புல்வெளிக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வரப்பில் மண் பிடித்து நிற்கும் புல்லுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

அந்தப் புல்வெளிக்காரர்கள் எந்தப் புல்லை வளர்க்கிறார்கள் தெரியுமா? வெப்ப நாடுகளில் பெரும்பாலும் நம் அருகம்புல்லைத்தான்! நாம் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி எடுத்து வரப்பில் காயப்போடுகிறோமே, அதேதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊர் ஆராய்ச்சிப் பண்ணையில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவையும் ஒட்டுச் சேர்த்து விளையாட்டுத் திடல்களுக்கான இரகங்களை உண்டாக்கினார். 1960-ல் வந்த 'டிஃப்வே' மிகவும் பரவிய இரகம். அது விதை பிடிக்காது, கொடியை நறுக்கித்தான் நட வேண்டும்.

அதே பர்ட்டன் அதே பண்ணையில் கம்பும் ஆராய்ந்தார். அவர் எடுத்த ஆண் மலட்டுக் கம்பு 'டிஃப்ட் 23 ஏ' லூதியானாவுக்கு வந்தது. அதைத் தாயாக வைத்துத்தான் 1965-ல் டாக்டர் அத்வால் நம் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1-ஐ வெளியிட்டார். மகசூல் அள்ளிக் கொடுத்தது. ஆனால் எல்லா வயலிலும் ஒரே தாய் என்று ஆனதும் 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அதையே பிடித்துக்கொண்டது. கதிர் வரவேண்டிய இடத்தில் இலைக்கொத்தாக நின்ற கம்பை அந்தக் காலத்தில் கண்ட பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்தடுத்து வந்த இரகங்களுக்கு வேறு தாய் தேடியது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக ஒன்று. நைலான் நரம்பால் வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடாதீர்கள். நரம்பு தேயத் தேயத் துணுக்குகள் புல்லோடு கலந்து வயிற்றுக்குள் போய்விடும். அதைத் தென்னைக்கு மூடாக்காகப் போடலாம். தீவனப்புல்லுக்கு அரிவாளே போதும்.